நாக்கு நீட்டின பெட்டி

எழுந்திருக்காதீங்க தம்பி, உக்காருங்க. நீங்க பாட்டுக்குத் தையல் மெஷின ரிப்பேர் பாருங்க, நான் ஓரமா இந்த ஸ்டூல்ல... ஐயோ! ஊசியா அது? பரவால்ல, பரவால்ல, ஆழமாக் குத்தல. குத்தியிருந்தாலும் தப்பில்ல. இந்தப் பத்தொன்பது நாள்ல ஊர்ல எல்லாரும் என்னைக் குத்தியாச்சு, ஊசி ஒன்னுதான் பாக்கி இருந்துச்சு.

ஆமா, பத்தொன்பது நாள். நீங்க எங்க கடைப்பக்கம் வந்து பத்தொன்பது நாளாச்சு. எண்ணாம என்ன செய்ய? நாலு வருஷமா மத்தியானம் ஒன்றரை ஆனா கவுன்ட்டர் முன்னாடி வந்து நிப்பீங்க. முட்டை நூடுல்ஸ் ஒரு பார்சல்னு சொல்லுவீங்க. அஞ்சு நிமிஷம் ஆகும் தம்பின்னு நான் சொன்னா, சரிம்பீங்க. அவ்வளவுதான் நமக்குள்ள பேச்சு. நாலு வருஷத்துப் பேச்சையும் சேர்த்து ஒரு தீப்பெட்டி மேல எழுதிடலாம்.

டீ எல்லாம் வேண்டாம் தம்பி. மன்னிப்புக் கேக்க வந்தவன் டீ குடிச்சா நல்லாருக்காது. ஊத்திட்டீங்களா? சரி, குடுங்க, ஊத்தினத ஏன் வீணாக்கணும். மன்னிப்புக் கேக்கறதுல இப்ப எனக்கு நல்ல பழக்கம். இருபத்தி மூணு இடத்துல கேட்டுட்டு வரேன். அதுல பதினோரு இடத்துல டீ குடுத்தாங்க, ஒரு வீட்ல நாய அவுத்து விட்டாங்க. நீங்கதான் கடைசி. உங்களத் திரும்பக் கடைக்கு வர வைக்காம வீட்டு வாசப்படி ஏறாதீங்கன்னு வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருக்கா. அவ சொன்னாச் செய்வா. அதனால இன்னிக்கு எனக்குச் சோறு உண்டா இல்லையாங்கறது உங்க கையிலதான் இருக்கு.

ஏன் கடைசியா வந்தேன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? கேட்ட மாதிரி பாத்தீங்க. பயம்தான் தம்பி. திட்டினவங்ககிட்டதான் முதல்ல போனேன். திட்டறவங்களச் சமாளிச்சிடலாம், அவங்களுக்கு மூச்சு வாங்கற வரைக்கும் தலையக் குனிஞ்சு நின்னாப் போதும். நீங்க ஒரு வார்த்தை சொல்லல. போன் பண்ணல. பார்சல் பெட்டியக் கொண்டுவந்து மூஞ்சில வீசல. பேசாம வர்றதையே நிறுத்திட்டீங்க. அதனாலதான் உங்களக் கடைசிக்குத் தள்ளி வச்சேன்.

முதல்லேருந்து சொல்லிடறேன். நீங்க கவுன்ட்டரத் தாண்டி ஒரு நாளும் உள்ள வந்ததில்ல, உங்களுக்கு எங்க கடையோட லட்சணம் தெரியாது. அது கடையே இல்ல, எங்க வீட்டு முன்ரூம். ஆறு மேசை. நீங்க நிப்பீங்களே, அந்தக் கவுன்ட்டருக்கு அடியில கதவத் தெறந்தீங்கன்னா தட்டு இருக்காது, எங்க தலகாணியும் போர்வையும் இருக்கும். வெளிய போர்டு மட்டும் பெருசா, வீட்டு முறை சீனச் சாப்பாடுன்னு. வீட்டு முறைங்கறது நூத்துக்கு நூறு உண்மை, வீட்லதானே நடக்குது. சீனம்தான் கொஞ்சம் இழுக்கும்.

நான் ஊர் பூரா என்ன சொல்லி வச்சிருக்கேன்? ஒன்பது வருஷம் கப்பல்ல ஒரு சீனக்காரர்கிட்ட சமையல் வேலை பாத்தேன்னு. ஒன்பது வருஷம் நிஜம். கப்பல் நிஜம். சமையக்காரர் சீனக்காரர்ங்கறதும் நிஜம். நான் பாத்திரம் கழுவினேன். அவர் என் கையில கரண்டியக் குடுத்ததே கழுவறதுக்குத்தான். ஆனா ஒன்னு தம்பி, ஒன்பது வருஷமும் அவர் கையால சாப்பிட்டேன். பெரிய ஓட்டல்ல செவப்புக் கலர் போட்டு ஊத்தறாங்களே, அது இல்ல. அந்த மனுஷன் தனக்குன்னு பண்ணிக்கற சாப்பாடு. தக்காளியும் முட்டையும் சேர்த்து வதக்குவாரு. முட்டைகோஸ் மேல வாணலி சூட்டுலயே கொஞ்சம் வினிகரத் தெளிப்பாரு. உடம்பு சரியில்லாத அன்னிக்கு இஞ்சி போட்டுக் கஞ்சி. எங்கம்மா இப்படித்தான் பண்ணுவான்னு சொல்லிக்கிட்டே பண்ணுவாரு.

அந்த ருசி என் நாக்குல இருந்துச்சு, கையில இல்ல. வீட்டுக்காரிக்கு கையில இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம் புளிப்பு, இன்னும் கொஞ்சம் வழவழப்புன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், அவ பண்ணுவா. மூணு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள் கரண்டிய என் பக்கம் நீட்டி, ருசி வந்தாச்சு, இனிமே நீங்க வெளிய போய் உக்காருங்கன்னா. அன்னிக்கு வெளிய வந்து கவுன்ட்டர்ல உக்காந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கல.

உள்ள ரெண்டு அடுப்பு. பெரிய வாணலி வீட்டுக்காரியோடது. சின்ன அடுப்பும் பார்சல் கட்டறதும் எங்க பொண்ணு. சமையக்கட்டு ஜன்னல் வழியா கை தெரியும், பாத்திருப்பீங்க. ஒரே பொண்ணு. கல்யாணம் பண்ணிக் குடுத்தேன், ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டா. வந்து ஏழு வருஷமாச்சு. அத விடுங்க, அது வேற கதை.

நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், பெட்டி.

நாங்க ஆர்டருக்குன்னு தனியாச் சீட்டு எழுதறதில்ல தம்பி. பெட்டிதான் சீட்டு. மடிக்காத பெட்டியத் தட்டையா என் பக்கத்துல அடுக்கி வச்சிருப்பேன். ஆர்டர் வந்ததும் மூடியில ஒரு நாக்கு இருக்கும்ல, சொருகறதுக்கு, அதுல யாருக்கு என்னன்னு எழுதி ஜன்னல் வழியா உள்ள தள்ளிடுவேன். பேனான்னா ஆவி பட்டு இழுகிடும், அதனால பென்சில். உள்ள அதப் படிச்சு, சமைச்சு, அதே பெட்டியில போட்டு, நாக்க உள்ள சொருகினா எழுத்து மறைஞ்சிடும். இது என் சொந்த மூளை. இதுக்கு எனக்கு ஒரு மெடல் குடுக்கணும்னு பதினஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன்.

மனுஷங்க பேரையே எழுதியிருந்தா ஒரு வம்பும் இல்ல. எனக்குப் பேரு நிக்காது தம்பி, மூஞ்சிதான் நிக்கும். அதனால நானா ஒரு பேரு வச்சிடுவேன். வாய்க்கொழுப்புன்னு வீட்டுக்காரி சொல்லுவா. நான் அப்படி நினைக்கல. ஒருத்தர் கதவத் தள்ளிட்டு வர்ற விதத்துலயே இவர் இன்னார்னு எடை போட்டுருவேன்னு எனக்கு ஒரு நெனப்பு. அகத்தின் அழகு முகத்துல தெரியும், முகத்தோட அழகு என் பென்சில்ல தெரியும்னு வேற சொல்லிக்குவேன். சிரிக்கறீங்களா? சிரிச்ச மாதிரி இருந்துச்சு. இல்லையா? சரி.

நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டிங்கற கதையாப் போச்சு. பெட்டிக்காரர் ஒரு புது மாதிரி கொண்டுவந்தாரு. இதுல நாக்கு உள்ள போகாது ஐயா, வெளிய வந்து முன்னாடி வெட்டுல மாட்டிக்கும், தலகீழாக் கவுத்தாலும் தெறக்காதுன்னாரு. கவுத்துக் காட்டினாரு. தெறக்கல. அசந்துட்டேன். பழசுக்கு என்ன கொறைச்சல்னு வீட்டுக்காரி கேட்டா. உனக்கு இதெல்லாம் புரியாதுன்னுட்டு மூவாயிரம் பெட்டி சொல்லிட்டேன். இப்ப அவ தினம் காலையில அந்த மூவாயிரத்த ஒரு தடவை பாப்பா, என்னை ஒரு தடவை பாப்பா.

உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே. நான் எப்பவும் எழுதற பக்கத்துலதான் எழுதினேன். உள்ள எப்பவும் போலத்தான் மடிச்சாங்க. மத்தியான நேரம், ரெண்டு அடுப்பும் எரியுது, மூடினதும் பையில போட்டுட்டு அடுத்தத எடுக்கணும். யாரு நின்னு பாப்பா? இருபத்தி நாலு பெட்டியும் நாக்க வெளிய நீட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஒவ்வொரு நாக்குலயும் நான் வச்ச பேரு. பெட்டிக்கு நாக்கு வெளிய வந்துச்சு, எனக்கு உள்ள இழுத்துக்கிச்சு.

முதல் போன் மூணாவது மாடி ஆபீஸ் அம்மா. மூணு மாடி மூச்சுன்னா என்னங்கன்னு கேட்டாங்க. எனக்கு ஒன்னும் ஓடல, யாருக்கு அந்தப் பேரு தெரிஞ்சுதுன்னு முழிக்கறேன். அவங்க கொஞ்சம் கனமான உடம்பு தம்பி. ஆனா சத்தியமா அது அவங்கள இல்ல. லிஃப்ட் இல்லாத கட்டடம், பார்சலக் கொண்டுபோய்க் குடுக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும், அதுக்கு வச்ச பேரு. போன்ல சொன்னா யாரு நம்புவா? மறுநாள் மூணு மாடியும் ஏறிப் போய் அவங்க மேசை முன்னாடி நின்னேன். வாயத் தெறந்தா வார்த்தை வரல, மூச்சுதான் வருது. அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். அதுக்கப்புறம்தான் நாற்காலியப் போட்டுத் தண்ணி குடுத்தாங்க. நம்பிட்டாங்க.

பல் டாக்டர் பெட்டியில கொறடுன்னு எழுதியிருந்தேன். அவர் கோவமே படல. சிரிச்சாரு. அடுத்த மாசம் கடவாப்பல் எடுக்க வரணும்ல, அப்பப் பேசிக்கலாம்னாரு. அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

ரிட்டயரான ஹெட்மாஸ்டருக்கு அரை பிளேட் மகாராஜா. வாங்கறது அரை பிளேட்டு, அதட்டறது நாலு பிளேட்டுக்கு, அதனால. நாக்கு வெட்டுல மாட்டினதுல அரை பிளேட்டு உள்ள போயிருச்சு, மகாராஜா மட்டும் வெளிய தெரிஞ்சிருக்கு. மனுஷன் மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோட வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, இத்தனை வருஷத்துல என்னைப் புரிஞ்சுக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான்னு கண் கலங்கறாரு. நானும் தலையாட்டினேன். இப்ப முழு பிளேட்டு வாங்கறாரு. அதட்டறது எட்டு பிளேட்டுக்கு ஆயிருச்சு.

இதெல்லாம் வெளியாளுங்க. என் மச்சான், வீட்டுக்காரியோட சொந்த அண்ணன், அவருக்கும் அன்னிக்கு ஒரு பெட்டி போச்சு. அதுல ஓசின்னு எழுதியிருந்தேன். ஆமா தம்பி, ஓசி. அவ்வளவுதான். ரெண்டே எழுத்து. அதுக்கு வீட்டுக்காரி என்கூட ஆறு நாள் பேசல. ஏழாம் நாள் மச்சானே வந்துட்டாரு, என்ன மாப்ள, இதுக்குப் போய் நாம பிரியறதான்னு என்னைக் கட்டிப்பிடிச்சாரு, உக்காந்தாரு, வயிறார சாப்பிட்டாரு, கையக் கழுவினாரு, போயிட்டாரு. ஓசியிலதான்.

உங்க பெட்டியா? வரேன் தம்பி. அதுக்குத்தானே வந்திருக்கேன். இந்த டீய முடிச்சிடறேன்.

அன்னிக்கு அந்த ஆபீஸ் அம்மா போன் பண்ணப்ப நீங்க பார்சல வாங்கிட்டுக் கெளம்பி ரெண்டு நிமிஷம் இருக்கும். நான் போன்ல, என்னது, நாக்கு வெளிய தெரியுதான்னு கத்தறேன். உள்ள கரண்டி விழுந்த சத்தம். எங்க பொண்ணு சமையக்கட்டுலேருந்து வெளிய ஓடி வரா. கையில மாவு, காலுல செருப்பில்ல. மேசை ஒன்ன இடிச்சுத் தள்ளிட்டு, சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் மடியில சூப்பக் கொட்டிட்டு, தெருவுல எறங்கி ஓடறா. எந்தப் பக்கம் போனாருன்னு என்னைப் பாத்துக் கத்தறா. அவ என்னை நேராப் பாத்து ஒரு கேள்வி கேட்டு வருஷக்கணக்காச்சு தம்பி. தெருமுனை வரைக்கும் போய் நின்னா. நீங்க போயிட்டீங்க. திரும்பி வந்தா, அடுப்ப அணைச்சா, பின்வாசப்படியில போய் உக்காந்துட்டா.

நான் என்ன நெனச்சேன்? ஐயோ, அப்பா இந்த மனுஷனுக்கு வச்ச பேர அவர் படிச்சிடுவாரே, அப்பா மானம் போயிடுமேன்னுதான் பொண்ணு இப்படித் தவிக்கறான்னு நெனச்சேன். பெருமையா வேற இருந்துச்சு. என்னை மாதிரி ஒரு புத்திசாலி இந்த ஊர்லயே கிடையாது.

மெஷின் என்ன, தையல் விட்டு விட்டு விழுதா? அடிநூலா? ஓ. மேல பாத்தா எல்லாம் சரியா இருக்கும், கோளாறு அடியில இருக்கும்ங்கறீங்க. நீங்க பேசினா நல்லாத்தான் பேசறீங்க தம்பி.

ஒரு விஷயம் சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது. எங்க வீட்டு மளிகை லிஸ்ட்ல நாலு வருஷமா ஒரு சாமான் வருது. இஞ்சி, பூண்டு, வினிகர், வெங்காயத்தாள், ரப்பர் ரெண்டு. ரப்பர்னா அழிக்கற ரப்பர் தம்பி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வச்சிருக்கறது. மாசா மாசம் வாங்கிக் குடுக்கறேன். சமையக்கட்டுல ரப்பர் எதுக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கரண்டி போடற டப்பாவுலதான் அது கெடக்கும். ஒரு தடவை சூப்புல டோஃபுன்னு, அதான் சோயா பன்னீர்னு, நெனச்சு ஒரு துண்டக் கடிச்சேன். மென்னு பாத்தேன். மெல்லவே முடியல. என்னடி இன்னிக்கு டோஃபு இவ்வளவு கெட்டியா இருக்குன்னு கேட்டேன். உள்ள அம்மாவும் பொண்ணும் சிரிக்கறாங்க. சரி, நல்லவேளை சிரிக்கறாங்களேன்னு நானும் முழுங்கிட்டேன்.

அவ சிரிப்பு எங்க வீட்ல அவ்வளவு அபூர்வம் தம்பி. அதுக்கும் நான்தான் காரணம். அந்த வேற கதையையும் சொல்லிடறேன், சின்னதுதான். அவளுக்கு மாப்பிள்ளை பாத்தது நான். அம்மா வேண்டாம்னா. அவளும், எனக்கு என்னமோ சரியாப் படலப்பான்னா. நான் கேக்கல. பையன் நம்ம கடைக்கு மூணு தடவை சாப்பிட வந்திருந்தான். கலகலன்னு பேசினான், மேசையில இருந்தவங்களையெல்லாம் சிரிக்க வச்சான், போறப்போ ஜன்னல்கிட்ட போய் சாப்பாடு அருமை அத்தைன்னு சொல்லிட்டுப் போனான். மூணாவது தடவை அவன் பெட்டியில நான் என்ன பேரு எழுதினேன் தெரியுமா? தங்கம். இந்த ஊர்ல ஒரே ஒருத்தனுக்குத்தான் நான் அப்படி ஒரு பேரு வச்சேன். அந்தத் தங்கம் என் பொண்ணுக்கு என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அவ திரும்பி வந்தப்போ இடது கையில கட்டு இருந்துச்சு. வாணலியத் தூக்க ஒரு வருஷம் ஆச்சு. அதனாலதான் அவளுக்குச் சின்ன அடுப்பு.

அவ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டல. அப்பா, தட்டு. அப்பா, பெட்டி. அப்பா, பாக்கி சில்லறை. ஏழு வருஷமா இவ்வளவுதான். அதுக்கப்புறமாவது நான் பேரு வைக்கறத நிறுத்தியிருக்கணும்ல? நிறுத்தல. தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. தவளையாவது மழைக்குத்தான் கத்தும், நான் வருஷம் பூரா.

சரி தம்பி, கெளம்பறேன். ஆறு மணிக்குக் கடை தெறக்கணும். வீட்டுக்காரிக்கு நான் இங்க வந்திருக்கறது தெரியும். பொண்ணுகிட்ட பல் டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். டீ நல்லாருந்துச்சு. இஞ்சி தட்டிப் போட்டிருக்கீங்க. இருமல் இன்னும் விடலையோ?

ஆங், ஒன்னு விட்டுப்போச்சு. அந்தச் சுவத்து ஆணியில பில்லெல்லாம் குத்தி வச்சிருக்கீங்களே, அதுல எல்லாத்துக்கும் மேல ஒரு அட்டைத் துண்டு இருக்கு பாருங்க. எங்க பெட்டியோட நாக்கு. உள்ள வரும்போதே பாத்துட்டேன். அது என் எழுத்து இல்ல.

மெஷின நிறுத்த வேண்டாம் தம்பி, ஓடட்டும், ஓடிக்கிட்டிருந்தா எனக்குச் சொல்றதுக்குச் சுலபமா இருக்கும். சரி, நின்னுடுச்சு. நிக்கட்டும்.

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது எப்படிக் குண்டு குண்டா இருக்கு பாருங்க. எடுத்துப் படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம், போன வாரம்தான் வீட்டுக்காரி சொன்னா. இருமல் இன்னும் நிக்கல. இஞ்சி கூடப் போடணும், மிளகா வேண்டாம். பெட்டியத் துணி சுத்திக் குடுக்கணும், நேத்து அவர் கை சுட்டுச்சு. காலர் கிழிஞ்சிருக்கு, பாத்துச் சொல்ல ஆள் இல்ல போல. நாலு வரி. நான் ஒரு மனுஷனுக்கு ஒரு வார்த்தைக்கு மேல எழுதினதில்ல தம்பி. எனக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது, அவ்வளவு கண்ணும் கிடையாது.

நீங்க என்ன நெனச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தக் கிழவன் எல்லாருக்கும் பேரு வச்சு நக்கல் பண்றான், நம்ம இருமலையும் கிழிஞ்ச காலரையும் எழுதி வச்சு உள்ள சிரிச்சிருக்காங்கன்னு நெனச்சிருப்பீங்க. ஊர்ல தையல் மெஷின் எல்லாத்தையும் ஓட வைக்கற ஆளு, காலர் கிழிஞ்சிருக்குன்னு எழுதினா யாருக்குத்தான் சுருக்குன்னு இருக்காது? நியாயம்தான். ஆனா அப்படி இல்ல. அது யாரும் படிக்கறதுக்கு எழுதினதில்ல. உள்ள போற நாக்குல, உள்ளயே இருக்கட்டும்னு எழுதினது.

உங்களுக்கு நான் வச்ச பேரு என்னன்னா... ஊமைக்கோட்டான். ஆமா. நாலு வருஷமா தினம் ஒன்றரைக்கு ஊமைக்கோட்டான், முட்டை நூடுல்ஸ்னு எழுதி ஜன்னல் வழியாத் தள்ளினேன். அவ அத தினம் எடுத்து, அந்த ரப்பரால அழிச்சு, அது மேல அவளா எழுதியிருக்கா. இன்னிக்கு முகம் வாடியிருக்கு, சூடா ஒரு சூப்பு சேர்த்து வைக்கணும். இன்னிக்குப் பல் வலி போல, நூடுல்ஸ நல்லா வேக விடணும். நாலு வருஷம் தம்பி. தினம் ஒரு தடவை என் பொண்ணு நான் எழுதினத அழிச்சிருக்கா. நான் மாசம் ரெண்டு ரப்பர் வாங்கிக் குடுத்திருக்கேன். வீட்டுக்காரிக்குத் தெரியும். மச்சானுக்குக் கூடத் தெரியுமாம். கவுன்ட்டர்ல உக்காந்து ஊரையே எடை போட்டவனுக்குத்தான் தெரியல.

அந்தச் சூப்பு எல்லாருக்கும் இலவசமாக் குடுக்கறதுன்னு நெனச்சீங்களா? நாங்க அவ்வளவு தாராளம் இல்ல தம்பி.

இப்பல்லாம் ஒன்றரை ஆனா அவ சின்ன அடுப்ப அணைச்சிடறா. பின்வாசல்ல போய் நிக்கறா. ஒன்னேமுக்காலுக்கு வந்து திரும்பப் பத்த வைக்கறா. யாரும் ஒன்னும் கேக்கறதில்ல. எனக்கு அந்தக் கால் மணி நேரம் போறதுதான் பெரிய பாடு. சும்மாவே உக்காந்திருக்க முடியாத ஆளு நான், அந்தக் கால் மணி நேரம் பெட்டிய எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நான் எதையும் முடிச்சு வைக்க வரல. முடிச்சு வச்சு நான் கிழிச்சது போதும். அவ என்ன நெனைக்கறான்னு எனக்குத் தெரியாது, நீங்க என்ன நெனைக்கறீங்கன்னும் தெரியாது. அந்த அட்டையக் கோவத்துல குத்தி வச்சிருக்கீங்களா, வேற எதுக்காவதான்னு கூட எனக்குச் சொல்லத் தெரியல. ஆள எடை போடறதுல என் யோக்கியதை என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சு போச்சே. ஆனா காலரத் தச்சிருக்கீங்க. இந்தச் சட்டைதானே அது? உக்காந்ததுலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நல்லாத் தச்சிருக்கீங்க தம்பி, தையலே தெரியல.

இந்தாங்க. இது பழைய பெட்டி, நாக்கு உள்ள போற பெட்டி. அலமாரிக்குப் பின்னாடி ஒன்னே ஒன்னு விழுந்து கெடந்துச்சு. பென்சில் இந்தாங்க. ரப்பரும் இருக்கு, அது என் பையிலயே இருக்கட்டும். நாளைக்கு வர்றதா இருந்தா வர்றேன்னு எழுதுங்க. வர்றதா இல்லைன்னா அதையும் எழுதுங்க, கொண்டுபோய்க் குடுத்துடறேன். என்கிட்ட வாயால சொல்ல வேண்டாம், போற வழியில நான் எதாவது சேர்த்துடுவேன். படிக்க மாட்டேன். வேணும்னா உள்ள சொருகி நூலால ஒரு தையல் போட்டுடுங்க. எழுதுங்க, நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

காலண்டர் போன மாசத்துலயே நிக்குது தம்பி. கிழிச்சிடட்டுமா? சரி, சரி, நீங்க எழுதுங்க.

முடிஞ்சுதா?

இன்னும் இல்லையா. அவசரமே இல்ல. கடை ஆறு மணிக்கு வேண்டாம், ஆறரைக்குத் தெறந்துக்கலாம். பென்சில் மொனை இருக்கா? அழுத்தி எழுதாதீங்க, அட்டை கிழிஞ்சிடும்.

போயும் போயும் உங்களுக்குப் போய் ஊமைக்கோட்டான்னு பேரு வச்சேன் பாருங்க.

என்ன தம்பி? இடம் பத்தலையா? மூடியத் திருப்பிப் போடுங்க, அந்தப் பக்கம் பூரா காலியாத்தான் இருக்கு.